நடவுப் பெண்டிரின் கூலியும் உபதொழிலும்

நெல்லின் மகசூல் விதையையும் எருவையும் மாத்திரம் பொறுத்ததன்று. தக்க பருவத்தில் நடவுக்கு ஆட்கள் கிடைப்பதையும் பொறுத்ததாகும். குறுகிய வயது ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள்ளும், மத்திய வயது ரகங்களின் நாற்றை 25 முதல் 30 நாட்களுக்குள்ளும் நட்டுவிடுதல் வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். கைநடவு பெரும்பாலும் பெண்டிர் செய்யும் வேலை. ஆகவே, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முறையிடும் நிலச்சுவான்தார்கள் அதன் காரணத்தை ஆராய்தல் அவசியம்.

நாற்றுப் பறித்து முடி கட்டும் ஆணும், அதை நடும் பெண்ணும் ஒரே சேற்றில் நின்று உழைக்கின்றனர். ஆயினும் பல ஊர்களில் பெண்ணுக்குக் கூலி குறைவு. அவள் வேலை இலேசானது என்பது ஒரு சமாதானம். நாள் முழுதும் குனிந்து செய்யும் வேலையை இலேசானதென்பது பொருந்தாது. ஆடு, மாடு, கோழி முதலிய உபதொழில் அவளுக்கு உண்டென்பது மற்றொரு சமாதானம். நடவும் களையெடுப்பும் முடிந்து கூலியற்றிருக்கும் மாதங்களில் குடும்பத்தைக் காப்பது அவ்வுபதொழிலே. அதைக் காட்டிக் கூலியைக் குறைப்பது நியாயமாகாது.

ஒத்த வேலைக்கு ஆண் பெண் இருபாலாருக்கும் ஒத்த கூலி தரவேண்டுமென 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்விதியைக் கொண்டுள்ளது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் இருபாலாருக்கும் ஒரே கூலி வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளில் அவ்வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களே செய்தனர். ஒத்த கூலியும் ஊருக்கருகில் வேலையும் கிடைக்குமிடத்துப் பெண்டிர் தயங்காது வருவர் என்பதற்கு இது அத்தாட்சி.

கூலியை உயர்த்தினால் கட்டுப்படியாகாது என்பர் சிலர். உதாரணமாக, ஓர் ஏக்கருக்குப் பத்துப் பெண்கள் வேண்டுமெனக் கொள்வோம். ஆளுக்கு ரூ. 100 கூட்டிக் கொடுத்தாலும் அதிகச் செலவு ரூ. 1,000. நாற்று முற்றியதால் ஒரு குவிண்டால் நெல் குறையுமாயின், 2025-26ஆம் ஆண்டு சாதாரண ரகத்தின் ஆதார விலைப்படி நஷ்டம் ரூ. 2,369.

ஆகவே பின்வருவன அனுஷ்டிக்கத் தக்கவை:

1. ஒத்த வேலைக்கு ஒத்த கூலியை நடவுக்கு முன்னரே பேசி முடித்தல்.

2. ஒரே வாய்க்காலில் பாசனம் பெறுவோர் கலந்துகொண்டு, சில நாட்கள் இடைவிட்டு நாற்றங்கால் விடுதல். இதனால் நாற்று முற்றாது. பெண்டிருக்கும் தொடர்ந்து பல நாள் வேலை கிடைக்கும்.

3. வரப்புப் புல்லை அறுத்துக்கொள்ள அவர்களுக்கு இடங்கொடுத்தல். கறவைமாட்டுக்கு அது பேருதவி.

4. கிராம அதிகாரிகள், பால் கூட்டுறவுச் சங்கங்களில் பெண்டிர் தம் பெயரிலேயே அங்கத்தினராக வழிகாட்டுதல்.

உழைப்பவளுக்கு உரியதைக் கொடுத்த வயலில் பருவந்தவறாது நடவு நடக்கும். இதனை நில உடையோர் அடுத்த நாற்றங்கால் விடுமுன் கவனிப்பார்களாக.