அரை ஓம் போதும், குடோன் பற்றிக்கொள்ள!

துவரம் பருப்பு கிலோ என்ன விலை, எத்தனை கிலோ என்று சொன்னால் தொகையை நாம் விரல்நுனியில் சொல்லிவிடுகிறோம். மின்சாரத்திலும் அதே பெருக்கல்தான். வோல்ட்டை விலையாகவும் ஆம்பியரை எடையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி வரும் தொகைதான் வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் இருந்ததால் எங்கள் கடையின் பின்கட்டு குடோனையே இழந்திருப்போம்.

குடோனில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, மசாலா அரைக்கும் மெஷினையும், சுமை இறக்க வருவோருக்கு டீ போட ஒரு மின்சாரக் கெட்டிலையும் சொருகியிருந்தோம். கெட்டிலின் அடியில் 230 வோல்ட், 1,500 வாட் என்று அச்சடித்திருக்கிறது. 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியர். மெஷின் மோட்டாரின் தகட்டில் 6 ஆம்பியர் என்று இருந்தது. அந்த பிளக் பாயிண்டோ 6 ஆம்பியருக்கு மட்டுமே ஆனது! இரண்டு வருடமாக யாரும் அதைப் பார்க்கவில்லை, நான் உட்பட.

ஒருநாள் மாலை டேப் கருகும் வாடை வந்தது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்தோம். வந்தவர் விவரமானவர். உடனே சுவரை உடைக்கவில்லை. இரண்டையும் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். மெயின் போர்டில் 228 வோல்ட், குடோன் பாயிண்டில் 216. வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டரில் 12 ஆம்பியர்.

இங்கேதான் ஓம் விதி வருகிறது. ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1827-இல் நூலாக வெளியிட்டது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. அதன் அளவு ஓம். வழியில் காணாமல் போனது 12 வோல்ட், ஓடியது 12 ஆம்பியர். ஆகவே தடை ஒரு ஓம். போர்டிலிருந்து குடோன் 15 மீட்டர். போக வர 30 மீட்டர், ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அந்தக் கம்பிக்கு நியாயமான தடை ஏறக்குறைய அரை ஓம். மீதி அரை ஓம் எங்கே? கல்லாவில் பணம் குறைந்தால் தேடுவது போலத் தேடினோம். பரணுக்கு மேல், இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டில் இருந்தது. டேப் கரியாகியிருந்தது. அதன் ஒரு சாண் கீழே காலி அட்டைப்பெட்டிகள், பக்கத்தில் எண்ணெய் டின்கள்.

அரை ஓம் என்றால் கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆனால் ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அங்கே வெப்பமாகும் வாட் வரும். 12 பெருக்கல் 12, 144. அதில் பாதி 72 வாட். கம்பியிலும் இதே 72 வாட்தான், ஆனால் அது 30 மீட்டருக்குப் பரவிவிடுகிறது. ஜாயின்ட்டிலோ மொச்சைக்கொட்டை அளவு இடத்தில் அத்தனையும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயனே 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"எம்.சி.பி. இருக்கிறதே, விழாதா?" என்று நானும் கேட்டேன். எங்களுடையது 16 ஆம்பியர் எம்.சி.பி. அது பார்ப்பது ஓடும் ஆம்பியரை மட்டுமே. லூஸ் ஜாயின்ட்டினால் ஆம்பியர் கூடுவதில்லை, கொஞ்சம் குறையவே செய்யும். ஆக 12 ஆம்பியர் ஓடும்வரை அது பேசாமல் இருக்கும்; பெட்டி பற்றி எரிந்தாலும் இருக்கும். (பழைய கட்-அவுட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவைப்பவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பாதுகாப்புகூட இல்லை.)

நஷ்டத்தையும் பார்ப்போம். கம்பியிலும் ஜாயின்ட்டிலும் சேர்த்து 144 வாட் வீண். நாளைக்கு ஐந்து மணி நேரம் இப்படி ஓடினால் 0.72 யூனிட், மாதம் 21.6 யூனிட். நாம் கட்டுவது வணிக இணைப்புக் கட்டணம். அதனால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷின் போன்ற சூடாகும் சாதனங்களுக்கு வோல்ட் பெருக்கல் ஆம்பியர் அப்படியே வாட். மோட்டார், ஃப்ரீசர் போன்றவற்றுக்கு உண்மை வாட் அதைவிடக் குறைவு. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் வரும் தொகையை 0.8-ஆல் பெருக்க வேண்டும். ஆனால் வயரின் கனத்தை முடிவு செய்யும்போது இந்தச் சலுகை கிடையாது. முழு ஆம்பியரையும் கம்பி சுமந்தாக வேண்டும். வோல்டேஜ் குறையும் நேரத்தில் ஃப்ரீசர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் வேலையை லைசென்ஸ் உள்ளவரிடமே விடுங்கள். போர்டைத் திறந்து நாம் கை வைக்கக் கூடாது. வோல்ட் இரண்டு இடத்தில், ஆம்பியர் ஓரிடத்தில், மெஷின் ஓடும்போதே பார்த்து ஒரு தாளில் எழுதித்தரச் சொல்லுங்கள். கணக்கை நாமே போட்டுவிடலாம். எங்கள் குடோனுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி, நடுவில் ஜாயின்ட் இல்லாமல், 16 ஆம்பியர் பாயிண்டுடன் புதிதாக இழுத்தோம். மறுபடி அளந்தபோது போர்டில் 228, குடோனில் 225. கெட்டிலை முன்கடைக்கு மாற்றிவிட்டோம்.