காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரி

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தின் அருகே வைத்தால் அது விலக்கித் தள்ளப்படும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் அறிவியலாளர்கள் நன்கறிந்திருந்தனர். தள்ளப்படுவது கம்பியா, அதனுள் ஓடும் மின்னோட்டமா என்பதில்தான் தெளிவு இருக்கவில்லை. விசை கம்பியின் மீதே செயல்படுகிறது என்று மாக்ஸ்வெல் எழுதியிருந்ததை ஏற்கத் தயங்கிய எட்வின் ஹால் என்னும் ஆய்வு மாணவர், 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத்தாளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை அமைத்தபோது, தாளின் இரு பக்க விளிம்புகளுக்கிடையே சிறிய மின்னழுத்தம் எழுவதைக் கண்டார். எலெக்ட்ரான் என்ற ஒன்று உண்டென்று உலகம் அறிவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது.

நகரும் எலெக்ட்ரான்களைக் காந்தப்புலம் ஒரு பக்கமாக ஒதுக்குவதால் அவ்விளிம்பில் எதிர் மின்னேற்றமும், மறு விளிம்பில் நேர் மின்னேற்றமும் சேர்கின்றன. இவற்றிடையே எழும் ஹால் மின்னழுத்தம் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்தில் அமையும். தங்கத்தில் எலெக்ட்ரான்கள் மிகுதியாதலால் இம்மின்னழுத்தம் மிகச் சிறிது. மின்னூட்டத் துகள்கள் குறைந்த இண்டியம் ஆன்டிமொனைடு, சிலிக்கான் போன்ற குறைக்கடத்திகள் வந்த பின்னரே இவ்விளைவு கைக்கடக்கமான கருவியாயிற்று.

கடைகளில் கிடைக்கும் மூன்று கால் கொண்ட நேரியல் உணரிக்கு, அதாவது புலத்திற்கு ஏற்பச் சீராக மாறும் வெளியீடு தரும் உணரிக்கு, 5 வோல்ட் கொடுத்தால், புலம் இல்லாதபோது ஏறத்தாழ 2.5 வோல்ட் வெளிவரும். ஒரு துருவம் நெருங்கினால் அது ஏறும், மறு துருவத்திற்கு இறங்கும். காந்தப்புல அலகான காஸ் ஒன்றுக்கு 1.3 மில்லிவோல்ட் மாறும் உணரியில் 3.15 வோல்ட் தெரிந்தால், கூடுதலான 0.65 வோல்ட்டை 1.3 மில்லிவோல்ட்டால் வகுக்க 500 காஸ், அதாவது 0.05 டெஸ்லா என்ற விடை கிடைக்கும்.

கணக்கு எளிதாயினும் அளவீடு அத்தனை எளிதன்று. உணரியின் முகத்திற்குச் செங்குத்தான புலக்கூறு மட்டுமே பதிவாவதால், சற்றே சாய்த்துப் பிடித்தாலும் அளவு குறையும். வெப்பநிலை மாறினால் சுழிநிலை மின்னழுத்தமும் நகரும் என்பதால், காந்தத்தை அகற்றி அதை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். 20 வோல்ட் அளவில் வைத்த சாதாரண மல்ட்டிமீட்டர் 10 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த மாற்றத்தைக் காட்டாது. ஏறத்தாழ அரை காஸே உள்ள பூமியின் புலம் இவ்வகை உணரியில் ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எழுப்பாதாகையால், அதனை அளக்க ஃபிளக்ஸ்கேட் காந்தமானி போன்ற கருவிகளே ஏற்றவை.