எதை மீண்டும் செய்வது?



எங்கள் பெருமுக்கலிலிருந்து மரக்காணம் செல்வோர் அங்குள்ள உப்பளங்களைக் காணாமல் திரும்பார். உவர்நீர் ஒரு பாத்தியில் நின்று வெயிலில் செறிவேறி அடுத்த பாத்திக்குச் செல்கிறது. இறுதிப் பாத்தியில் உப்பாகப் படிகிறது. இடையே ஒரு வரப்பு உடைந்தால், அதனை நம்பியிருக்கும் பின்பாத்திகளின் வேலை தடைப்படும். அதற்காக, முன்பாத்தியில் செறிந்து நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு எவரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை.

கணிப்பொறி நிரல் எழுதுவோர்க்கும் இந்த அறிவு வேண்டும். பெரிய நிரல் பல கோப்புகளாக எழுதப்படுகிறது. ஒவ்வொன்றையும் பொறிக்கு உரிய வடிவில் தொகுத்து, பின்னர் யாவற்றையும் இணைக்கவேண்டும். ஒன்றைத் திருத்தினால் எவற்றை மீண்டும் செய்வது? அனைத்தையும் செய்தால் காலம் வீண். ஒன்றை மறந்தாலோ பழைய பிழை அப்படியே நிற்கும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டார். திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படவில்லை. சரியான நிரலிலேயே பிழை தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். அவர் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். எது எதனைச் சார்ந்தது என்று எழுதிவைத்தால், கோப்புகள் மாறிய நேரத்தை ஒப்பிட்டு, வேண்டியதை மட்டும் அது மீண்டும் செய்யும்.

ஆனால் மேக்கிற்கெனத் தனிமொழி ஒன்று உண்டு. கட்டளை வரியின் தொடக்கத்தில் ‘டேப்’ விசைக்குப் பதிலாக வெற்றிடம் விட்டால், வழக்கமாக அது வேலை செய்ய மறுத்துவிடும். ஆகவே, நாம் முன்பே அறிந்த பொதுமொழியிலேயே இவ்விதிகளை எழுதலாகாதா என்று பின்வந்தோர் எண்ணினர். ஸ்டீவன் நைட்டின் ‘எஸ்கான்ஸ்’ பைத்தான் மொழியிலும், ஜிம் வெய்ரிச்சின் ‘ரேக்’ ரூபி மொழியிலும் அமைந்தன. எஸ்கான்ஸ் நேரத்தை மட்டும் நம்பாமல், கோப்பின் உள்ளடக்கம் மாறியதா என்றே பார்க்கிறது.

என் அனுபவம் ஒன்று சொல்வேன். ஓய்வு பெற்றபின் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கணக்குப் பயிற்சி நூலொன்றைக் கணிப்பொறியில் ஆக்கினேன். மூன்றாம் அதிகாரத்தில் ஒரு கணக்கை மாற்றினேன்; விடைப்பட்டியலைப் புதுப்பிக்க மறந்தேன். சரியாகச் செய்திருந்த சிறுமிக்குத் தவறு என்று சிவப்பு மையால் குறித்தேன். அவள் அழுதாள், பிழை என்னுடையது. பின்னர் பழைய மாணவர் ஒருவர் பைத்தானில் சில வரிகள் எழுதித் தந்தார். பத்து அதிகாரங்களுக்கும் ஒரே சுழற்சி. படமுள்ள அதிகாரத்திற்கு மட்டும் ஒரு நிபந்தனை. இப்போது கணக்கு மாறினால் விடையும் தானே மாறுகிறது.

எனினும் இச்சுதந்திரத்திற்கு விலை உண்டு. பொதுமொழியில் எதையும் எழுதலாம். ஆதலால் சார்பினைச் சொல்லாமலே ஒரு கோப்பைப் படித்துவிடவும் கூடும். சொல்லாததைக் கருவி அறியாது. இக்காரணத்தால்தான் கூகுள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘பேசல்’ கருவியின் விதிமொழி, பைத்தானைப் போன்றதாயினும் வேண்டுமென்றே கட்டுப்படுத்தப்பட்டது.

மொழி எதுவாயினும், எது எதனைச் சார்ந்தது என்பதை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். அதன்பின் கருவியைத் தொடுங்கள். அந்தத் தாள் என்னிடம் இருந்திருந்தால், அச்சிறுமி அழுதிருக்க மாட்டாள்.