வீண் செலவைச் சுட்டிக்காட்டினா அரசு ஊழியருக்குப் பரிசு... நம்ம ஊர்ல சாத்தியமா? சிக்கல் எங்கே இருக்கு?

ஆழ்வார்பேட்டையில் ஒரு தெருவுக்குப் புதுசா தார் சாலை போடப் போறாங்கன்னு வைத்துக்கொள்வோம். பழைய சாலை இன்னும் நல்லாத்தான் இருக்கு. மழைநீர் வடிகால் வேலைக்காக அடுத்த சில மாதங்களில் அதே தெருவைத் தோண்டவும் போகிறார்கள். இது யாருக்கு முதலில் தெரியும்? அமைச்சருக்கோ கமிஷனருக்கோ இல்லை. மதிப்பீடு தயாரிக்கும் உதவிப் பொறியாளருக்கும், பில் போடும் கணக்குப் பிரிவு ஊழியருக்கும்தான் தெரியும்.

"இந்தச் செலவு இப்போ வேண்டாம் சார்" என்று அவர்களில் ஒருவர் ஃபைலில் எழுதினால் அரசுக்குப் பல லட்சம் மிச்சம். ஆனால் எழுதினவருக்கு என்ன கிடைக்கும்? பல நாடுகளில் இதற்குப் பணப் பரிசே தருகிறார்கள். அது எப்படி நடக்கிறது, இங்கே ஏன் இல்லை என்று பார்க்கலாம்.

வீண் செலவும் ஊழலும் ஒண்ணா?

இல்லை. லஞ்சம் வாங்கினால் அது குற்றம். புகார் கொடுக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. வீண் செலவில் யாருமே காசு வாங்காமல் இருக்கலாம். எல்லாக் கையெழுத்தும் சரியாக இருக்கும், டெண்டரும் முறைப்படி நடந்திருக்கும். ஆனாலும் தேவையில்லாத பொருளுக்கும் வேலைக்கும் பணம் போயிருக்கும்.

இதைத் தணிக்கை கண்டுபிடிக்காதா? கண்டுபிடிக்கும். தமிழ்நாட்டு அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலகமே ஆழ்வார்பேட்டைக்குப் பக்கத்தில், தேனாம்பேட்டை அண்ணா சாலையில்தான் இருக்கிறது. ஆனால் தணிக்கை என்பது பெரும்பாலும் செலவு முடிந்த பிறகு, மாதிரிக்குச் சில ஃபைல்களை எடுத்துப் பார்ப்பது. அறிக்கை சட்டப்பேரவைக்கு வரும்போது பணம் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். பணம் போகும் முன்பே தடுக்கக்கூடியவர் அந்த ஃபைலைக் கையில் வைத்திருக்கும் ஊழியர் மட்டும்தான்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1981 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. மோசடி, வீண் செலவு, நிர்வாகச் சீர்கேடு பற்றி ஊழியர் தகவல் கொடுத்து அதனால் அரசுக்குப் பணம் மிச்சமானால், மிச்சமான தொகையில் 1% அல்லது 10,000 டாலர், இதில் எது குறைவோ அதைப் பரிசாகத் தரலாம். அதாவது 10 லட்சம் டாலரை மிச்சப்படுத்தினாலும் 10,000 டாலர்தான், 10 கோடி டாலரை மிச்சப்படுத்தினாலும் அதே 10,000 டாலர்தான்.

2009-ல் அப்போதைய அதிபர் ஒபாமா வேறு மாதிரி ஒரு போட்டி வைத்தார். செலவைக் குறைக்க ஊழியர்களிடம் யோசனை கேட்டார். முதல் ஆண்டிலேயே 38,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. ஜெயித்தவர் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றின் ஊழியர். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது பாதி பயன்படுத்திய இன்ஹேலர், சொட்டு மருந்து எல்லாம் குப்பைக்குப் போகிறது, அதை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாமே என்பதுதான் அவர் சொன்ன யோசனை. அவருக்குக் கிடைத்த பரிசு, அதிபருடன் ஒரு சந்திப்பு. இவ்வளவு எளிமையான விஷயம் மேலிடத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை, மருத்துவமனையில் வேலை பார்த்தவருக்குத் தெரிந்தது.

தென் கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே செலவைக் குறைத்த அல்லது வருவாயைக் கூட்டியவருக்கு 'பட்ஜெட் ஊக்கத்தொகை' உண்டு. மிச்சமான பணத்தை அதே துறை வேறு திட்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இந்த இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

இந்தியாவில் பரிசே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பணம் உள்ளே வரும் பக்கத்தில்தான் இருக்கிறது. கடத்தல் தங்கம் பிடிபட்டால் துப்புக் கொடுத்தவருக்கும், பிடித்த சுங்கத்துறை அதிகாரிகளுக்கும் வெகுமதி உண்டு. வருமான வரி ஏய்ப்பு பற்றித் தகவல் தருபவருக்கு 2018-ம் ஆண்டு திட்டப்படி 50 லட்சம் ரூபாய் வரை பரிசு. வெளிநாட்டுக் கறுப்புப் பணம் என்றால் 5 கோடி வரை. ஆனால் அந்தத் திட்டத்தில், அரசு ஊழியர் தன் வழக்கமான வேலையில் தெரிந்துகொண்ட தகவலைச் சொன்னால் பரிசு கிடையாது.

தமிழ்நாட்டில் சுதந்திர தினத்தன்று முதலமைச்சரின் நல் ஆளுமை விருது கொடுக்கப்படுகிறது. அது புதுமையான திட்டங்களுக்கான பாராட்டு. "இந்தச் செலவை நிறுத்துங்க" என்று சொன்னதற்கான பரிசு இல்லை.

அது அவங்க கடமைதானே, எதுக்குப் பரிசு?

நியாயமான கேள்வி. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 21-வது விதி இதைத்தான் சொல்கிறது. சொந்தப் பணத்தைச் செலவு செய்யும்போது ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பாரோ, அதே ஜாக்கிரதை அரசுப் பணத்திலும் வேண்டும்.

ஆனால் நடைமுறை வேறு மாதிரி. ஒதுக்கிய நிதியை மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பப் போய்விடும். "போன வருஷமே மிச்சம் வெச்சீங்களே" என்று அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். அதனால்தான் மார்ச் மாதத்தில் நாற்காலி, பிரிண்டர், பெயின்ட் என்று பில்கள் பறக்கின்றன. கடைசி நேரத்தில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று அதே விதிகள் சொன்னாலும், மிச்சப்படுத்துபவருக்கு நஷ்டம், செலவழிப்பவருக்கு லாபம் என்பதுதான் கணக்கு. கொரியச் சட்டத்தின் இரண்டாவது பாதி இந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறது.

பரிசு கொடுத்தா எல்லாம் சரியாகிடுமா?

ஆகாது. மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, போலி மிச்சம். 10 லட்சம் ரூபாய் வேலைக்கு 15 லட்சம் என்று மதிப்பீடு போட்டுவிட்டு, பிறகு 5 லட்சத்தை மிச்சப்படுத்தினேன் என்று பரிசு கேட்கலாம்.

இரண்டாவது, தேவையான செலவிலும் கை வைப்பது. சத்துணவில் முட்டையை நிறுத்தினாலும் கணக்குப்படி அது மிச்சம்தான். யாருடைய தட்டிலிருந்து எடுத்த மிச்சம் என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. பாதுகாப்பு.

சொன்னவர்களுக்கு என்ன ஆச்சு?

தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடக்கும் முறைகேடுகள் பற்றி 2002-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். ஆனால் கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. ஆனாலும் நாடு முழுவதும் எழுந்த கோபத்துக்குப் பிறகுதான், தகவல் தருபவர்களைப் பாதுகாக்கும் மத்திய அரசின் தீர்மானம் 2004 ஏப்ரலில் வந்தது.

தமிழ்நாட்டில், மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012 மே மாதம் அரசுக்கு எழுதினார். அதே மாதம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். மாவட்ட ஆட்சியருக்கே இடமாற்றம் என்றால், ஒரு ஜூனியர் அசிஸ்டென்ட் "நமக்கு எதுக்கு வம்பு" என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை.

இப்போ சட்டப் பாதுகாப்பு இருக்கா?

மத்திய அரசு ஊழியர்களைப் பற்றிய புகார் என்றால், 2004 தீர்மானப்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்பலாம், பெயர் ரகசியமாக இருக்கும். மாநில அரசு அலுவலகங்கள் இதற்குள் வராது. மாநிலங்களுக்கும் சேர்த்துக் கொண்டுவரப்பட்ட தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியாகவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

பரிசுத் திட்டம் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்னால் சில விஷயங்கள் தேவை. சொன்னவரின் பெயர் அவர் மேலதிகாரிக்குத் தெரியக் கூடாது. மிச்சம் உண்மையா என்று அந்தத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் சரிபார்க்க வேண்டும். மிச்சமான பணத்தில் ஒரு பங்கு அந்த அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும். இவை இல்லாமல் வெறும் பணப் பரிசை அறிவித்தால், வாங்க யாரும் முன்வர மாட்டார்கள்.

அதுவரை பொதுமக்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் சாலை போடும்போது, பழைய சாலையைச் சுரண்டி எடுத்தார்களா, கடைசியாக எப்போது போட்டார்கள், எவ்வளவு செலவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துப்பூர்வமாகவே அறிவுறுத்தியிருக்கிறார். வெளியிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால், உள்ளே இருக்கும் நேர்மையான ஊழியர் ஃபைலில் உண்மையை எழுதுவதும் கொஞ்சம் சுலபமாகும்.