‘முடியாது’ என்றாவது சொல்லுங்கள்

“நாங்களே உங்களைத் தொடர்பு கொள்கிறோம்.” வேலைக்கு மனுப்போட்ட எல்லாரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்போம். அதற்குப் பிறகு அழைப்பும் வராது, மின்னஞ்சலும் வராது. புலனத்தில் நாம் அனுப்பிய செய்திக்குக் கீழே இரண்டு நீலக் கோடுகள் மட்டும் விழுந்திருக்கும்.

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடி நான் 26 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். நான்கு இடங்களிலிருந்துதான் பதில் வந்தது. அவற்றில் ஒன்று பத்து பெரெண்டாமில் உள்ள நிறுவனம். உம்பாயிலிருந்து பேருந்தில் மலாக்கா சென்ட்ரல் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து எடுக்க வேண்டும். காலை 9.30 மணிக்கு நேர்முகத் தேர்வு என்றார்கள். 11.45க்கு ஒருவர் வெளியே வந்து, “ஆள் எடுத்தாச்சு, நேற்றே முடிந்துவிட்டது” என்றார். முதல் நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

செர்க்காமில் இருக்கும் என் தோழியின் அனுபவம் இன்னும் மோசம். அவளை மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போக அவள் அப்பா தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்தை விட்டார். நேர்முகத் தேர்வில் அவளுடைய படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. “கல்யாணம் எப்போது? சீக்கிரம் வேலையை விட்டுப் போய்விடுவாயா?” என்பதுதான் கேள்வி. பிறகு பதிலே இல்லை.

இதை மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. ஒரு நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது, இன்னொன்றை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறோம். பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் கடிதத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் நெருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும்விட, பதிலே வராதபோது குறை நம்மிடம்தான் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். நம் நாட்டில் டிப்ளோமாவோ பட்டமோ பெற்றிருந்தும், தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்கள் 2024இல் ஏறத்தாழ 19 லட்சம் பேர் என்கிறது புள்ளிவிவர இலாகா. இதைத் தனிமனிதரின் குறை என்று எப்படிச் சொல்வது?

சரி, சட்டம் நமக்குத் துணை நிற்குமா? இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009இல் தற்காலிக ஆசிரியராகத் தேர்வான நோர்ஃபடில்லா அகமட் சைக்கின் என்பவர் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும், அந்த நியமனத்தைக் கல்வி அலுவலகம் திரும்பப் பெற்றது. அவர் வழக்குத் தொடுத்தார். அது பாலினப் பாகுபாடு என்று 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முதலாளி அரசாங்கம் என்பதால் அரசமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அவருக்குக் கைகொடுத்தது.

விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் கர்ப்பமானதால் வேலையை இழந்தவர். அவருடைய வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் வேறு மாதிரி முடிவெடுத்தது. அரசமைப்புச் சட்டம் தரும் அந்தச் சமத்துவ உரிமையைத் தனியார் முதலாளிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்றது.

2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் பாகுபாட்டைப் பற்றி ஒரு புதிய பிரிவு, 69எஃப், வந்திருக்கிறது. ஆனால் அது பேசுவது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான தகராறை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர் இன்னும் ஊழியர் ஆகவில்லையே! வீட்டுக்குள் நுழைந்தவருக்குக் குடை உண்டு, வாசலில் மழையில் நிற்பவருக்கு இல்லை என்பதுதான் நிலைமை.

வெளிநாடுகளில் இதற்கும் வழி தேடுகிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. 25 பேருக்குக் குறையாத ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம் வேலைக்கு விளம்பரம் செய்தால், நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்கு 45 நாள்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதைத் தெரிவித்தாக வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பதையும் விளம்பரத்திலேயே போட வேண்டும். பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்தே பேசுகிறது. அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

அதுவரை நாம் என்ன செய்யலாம்? நேர்முகத் தேர்வு முடிந்து எழுந்திருக்கும்போதே, “எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும்?” என்று பணிவாகக் கேட்டு விடுங்கள். அந்தத் தேதி கடந்தால் ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள், காத்திருக்காதீர்கள். எங்கே, எப்போது விண்ணப்பித்தோம், யாரிடம் பேசினோம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். தூரத்தில் உள்ள இடமென்றால், கிளம்புவதற்கு முதல் நாள் மாலையே அழைத்து உறுதி செய்யுங்கள்.

வேலை கிடைத்த பிறகு உங்கள் கை ஓங்கும். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். மாதம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். வேலை நேரம் வாரத்திற்கு 45 மணி நேரம்தான். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

முதலாளிமார்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லாருக்கும் வேலை கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஓர் இடத்துக்கு நூறு பேர் வந்தால் தொண்ணூற்றொன்பது பேர் திரும்பத்தான் வேண்டும், அது எங்களுக்கும் புரியும். “உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, நன்றி” என்று இரண்டு வரி அனுப்பினால் போதும். அந்தத் தொண்ணூற்றொன்பது பேரும் மறுநாள் காலையில் வேறு கதவைத் தட்டப் போய்விடுவார்கள்.