‘செத்த’ கைப்பேசிக்கு உயிர் உண்டா?

திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனித் தொழிலாளர் ஒருவர் நம்மிடம் ஒரு கைப்பேசியைக் கொணர்ந்தார். கடை ஒன்றில் அதற்குச் சாப்ட்வேர் போட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. அதன்பின் திரை ஒளிரவில்லை. சார்ஜரில் இணைத்தும் அசைவில்லை. “போர்டு போய்விட்டது” என்றாராம் கடைக்காரர். தொழிலாளரின் கவலை கருவியைப் பற்றியதன்று. மறைந்த தம் அன்னையாரின் குரல் அதில் பதிவாகியிருந்தது. அது மீளுமா என்பதே அவர் வினா.

இந்நிலையை ஆங்கிலத்தில் ‘செங்கல் ஆயிற்று’ என்பர்; நம் கடைத்தெருவில் ‘டெட்’ என்பர். இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020ஆம் ஆண்டின் இறுதியில் சியோமி நிறுவனத்தின் மி ஏ3 கைப்பேசிகளுக்கு ஆண்ட்ராய்டு 11 வெளியிடப்பட்டபோது, நம் நாட்டிலும் பலருடைய கருவிகள் செயலிழந்தன. நிறுவனம் அவ்வெளியீட்டை நிறுத்தி, இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

உண்மையில் நிகழ்வது யாது? பின்னல் இயந்திரத்தில் நூல் அறுந்து துணி ஊசிகளிலிருந்து கழன்று விழுந்தால், இயந்திரம் கெட்டது என்று நாம் எண்ணுவதில்லை. நூலை மீண்டும் கோத்து ஓட்டுகிறோம். கைப்பேசியும் அத்தகையதே. அதன் சில்லுக்குள் ‘பூட் ராம்’ எனும் சிறு நிரல், தயாரிப்பின்போதே அழிக்க இயலாதவாறு பதிக்கப்பட்டுள்ளது. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது அதுவே. அது நினைவகத்திலுள்ள அடுத்த நிரலைத் தேடி எழுப்பும்; அந்நிரல் ஆண்ட்ராய்டை எழுப்பும். இடையிலுள்ள நிரல் சிதைந்தால் சங்கிலி அறுபடும். ஆயினும் பூட் ராம் சாவதில்லை, யு.எஸ்.பி. கம்பி வழியே உதவி வருமா எனக் காத்திருக்கும்.

குவால்காம் சில்லுடைய கருவி இந்நிலையில் கணிப்பொறியில் ‘9008’ என்ற எண்ணுடன் தோன்றும். மீடியாடெக் சில்லாயின் ‘எஸ்.பி. பிளாஷ் டூல்’ எனும் கருவி நிரல் பயன்படும். இரண்டிலும் முறை ஒன்றே: முதலில் சிறு உதவி நிரலொன்று கைப்பேசியின் தற்காலிக நினைவகத்தில் ஏற்றப்படும், அது சிதைந்த பகுதிகளை மீண்டும் எழுதும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவது, கருவியின் சரியான மாதிரி எண்ணுக்குரிய கோப்பையே இட வேண்டும். பெயர் ஒத்திருப்பது போதாது. இரண்டாவது, ‘டவுன்லோடு ஒன்லி’ என்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ‘பார்மட் ஆல்’ என்பது உரிமையாளரின் தரவுகளோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அழித்துவிடக்கூடும். அவ்வெண்ணை முறைகேடாக மாற்றுவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையோ, 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். மூன்றாவது, கணிப்பொறிக்கு யு.பி.எஸ். இருத்தல் வேண்டும், எழுதும் வேளையில் மின்சாரம் நின்றதே இத்துன்பத்தின் தொடக்கம் அன்றோ!

நினைவகச் சில்லைக் கழற்றி வேறிடத்தில் படித்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய கைப்பேசிகளில் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டே உள்ளன. அவற்றைத் திறக்கும் சாவி அந்தக் கைப்பேசியோடு பிணைந்தது. ஆகவே கைப்பேசியை உயிர்ப்பிப்பதே குரலை மீட்கும் வழி.

நம் மாணவர் ஒருவர் அன்று மாலை பொறுமையுடன் அமர்ந்தார். அதே மாதிரிக்கும் அதே பதிப்புக்கும் உரிய கோப்பைத் தேடி, தொடக்கப் பகுதிகளை மட்டும் எழுதினார். பயனாளர் பகுதியைத் தொடவில்லை. சில நிமிடங்களில் திரை ஒளிர்ந்தது. தொழிலாளர் கடவு எண்ணை இட்டு, பதிவைத் தேடி, காதருகே வைத்துக்கொண்டார். நாம் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

எல்லாருக்கும் இவ்வாறு வாய்ப்பதில்லை. சில்லே எரிந்துபோயின் எந்த நிரலும் உதவாது. ஆதலின் அன்பர்களே, அரிய பதிவுகளை இன்றே வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். கைப்பேசி பழுதாயின், “சாப்ட்வேர் போடுங்கள்” என்று கொடுத்துவிடாமல், “உள்ளிருப்பது அழியுமா?” என்று முதலில் கேளுங்கள். பழுது பார்க்கும் இளைஞர்களும் அதே வினாவைத் தம்மிடம் கேட்டுக்கொண்ட பின்னரே விசையை அழுத்துவார்களாக!