மாயச் சிறுமியின் பருவங்கள்: ‘செய்லர் மூன்’ அசைவூட்டத் தொடரும் கொங்குநாட்டுத் தங்காள் கதையும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நெடுந்தொடராக அமையும் கதைகளில் மாய ஆற்றல் பெற்ற இளம்பெண் பருவந்தோறும் எவ்வாறு மாறுகிறாள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1992 முதல் 1997 வரை சப்பானில் ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான ‘செய்லர் மூன்’ தொடரும், சேலம், நாமக்கல் சமவெளி உள்ளிட்ட கொங்குநாட்டில் வழங்கும் அண்ணன்மார் சுவாமி கதையின் தங்காள் பகுதியும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டிலும் இளம்பெண்ணின் உச்ச ஆற்றல் இறந்தோரை எழுப்புவதாகவே அமைகிறது. எழுந்தோர் வாழ்கின்றனரா, விடைபெறுகின்றனரா என்பதில் இவை வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டின் வழியே, ‘அண்ணன்மார்’ என்னும் கதைப்பெயர் தங்காளின் நோக்குநிலையிலிருந்து பிறந்தது என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தங்காள், அண்ணன்மார் சுவாமி கதை, கொல்லிப்பாவை, மாயச் சிறுமி, பருவம், படுகளம்

முன்னுரை

நாட்டார் கதைப்பாடல்களை அச்சுநூல், திரைப்படம் ஆகியவற்றோடு ஒப்பிடும் ஆய்வுகள் தமிழில் பலவுண்டு. அசைவூட்டத் தொடர்களோடு ஒப்பிடும் முயற்சி அரிது. நீண்ட கதையை நாள்தோறும் பகுதி பகுதியாகச் சொல்லுதல், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கேட்போரை அடுத்த பகுதிக்குக் காத்திருக்கச் செய்தல், பழைய நிகழ்ச்சியை நினைவூட்டிப் புதியதைத் தொடங்குதல் ஆகிய கூறுகள் உடுக்கையடிப் பாடகருக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் பொதுவானவை. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965ஆம் ஆண்டு காங்கயம் வட்டாரத்தில் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தபோது, அது 18 இரவுகள் நீடித்தது. அதே கதையை அவர் பின்னாளில் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராக வெளியிட்டார். ஆகவே இவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்துக் காண்பதற்குக் கதையின் வரலாறே இடந்தருகிறது.

பாடுவோருக்கும் ஊருக்கும் ஏற்ப இக்கதை வேறுபடும். பெக் பதிவுசெய்த வடிவமே இக்கட்டுரைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

1. பருவம் என்னும் கலைச்சொல்

தொலைக்காட்சித் தொடரின் ஒரு தொகுதியைக் குறிக்கப் ‘பருவம்’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது. வில்லிபாரதம் பத்துப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அங்குப் பருவம் என்பது கதையின் உட்பிரிவு. பிள்ளைத்தமிழில் அது குழந்தையின் வளர்ச்சிநிலை. உலாவில் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்கள் பெண்ணின் வயதைக் குறிக்கின்றன. கதையின் பிரிவு, வாழ்வின் நிலை, ஆண்டின் காலம் ஆகிய மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது இவ்வாய்வுக்குப் பொருத்தமாக உள்ளது. மாயச் சிறுமியின் கதையில் இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன.

2. மாறாத பாவை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, மாய ஆற்றலுடைய பெண்ணுருவைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ப் பதிவுகளுள் ஒன்றுக்குக் களமாகும். சங்கப் பாடல்கள் கொல்லிப்பாவையைத் தெய்வம் அமைத்த உருவாகப் போற்றுகின்றன. காற்று வீசினும், மழை பெய்யினும், இடி தாக்கினும், நிலம் நடுங்கினும் அதன் அழகு குன்றாது என்பது நற்றிணை 201ஆம் பாடலின் கருத்து. பாவைக்கு வளர்ச்சியும் இல்லை, தேய்வும் இல்லை. எனவே அதனை வைத்து உவமை அமைக்கலாம். நெடுங்கதை அமைப்பது கடினம். நெடுங்கதைக்கு இழப்பும் மாற்றமும் வேண்டும். அவ்வகையில், மலைமேல் நிற்கும் பாவைக்கும் கீழே சமவெளியில் பாடப்படும் தங்காளுக்கும் இடையிலான வேறுபாடு, மாறா உருவுக்கும் பருவந்தோறும் மாறும் கதைமாந்தருக்கும் உள்ள வேறுபாடாகும்.

3. ‘செய்லர் மூன்’: ஐந்து பருவங்கள்

சப்பானிய அசைவூட்டத்தில் மாயச் சிறுமி வகை 1966இல் தோயே நிறுவனம் வெளியிட்ட ‘சாலி’ தொடரோடு தொடங்கியது. நவோகோ தகெயுச்சியின் படக்கதையைத் தழுவி அதே நிறுவனம் உருவாக்கிய ‘செய்லர் மூன்’ 1992 மார்ச்சு முதல் 1997 பிப்ரவரி வரை ஒளிபரப்பாயிற்று. 46, 43, 38, 39, 34 என ஐந்து பருவங்களில் மொத்தம் 200 அத்தியாயங்கள் வெளிவந்தன. தலைவி உசாகி சுகினோ பதினான்கு வயதினள், எளிதில் அழுபவள், படிப்பில் பின்தங்கியவள். பேசும் பூனை ஒன்று தரும் மார்பணியால் அவள் போர்மகளாக உருமாறுகிறாள்.

முதற்பருவத்தின் இறுதியில் தோழியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். உசாகி தனித்து நின்று பகையை அழித்துத் தானும் இறக்கிறாள். இறக்கும்போது அவள் வேண்டுவது இயல்பான வாழ்வு. வெள்ளிப் பளிங்கின் ஆற்றலால் அனைவரும் உயிர் பெறுகின்றனர். ஆனால் நடந்தவை எவையும் அவர்கள் நினைவில் இல்லை. இரண்டாம் பருவம் இம்மறதியிலிருந்து தொடங்குகிறது. நினைவு திரும்புகிறது, புதிய மார்பணியும் புதிய கோலும் கிடைக்கின்றன, எதிர்காலத்திலிருந்து சிபியூசா என்னும் சிறுமி வருகிறாள்.

மூன்றாம் பருவம் அறச்சிக்கலை முன்வைக்கிறது. உலகைக் காக்க ஒரு சிறுமியைக் கொல்லலாம் என்பது மூத்த போர்மகளிர் இருவரின் நிலைப்பாடு. உசாகி அதனை மறுத்து அச்சிறுமியையும் காக்க முனைகிறாள். நான்காம் பருவத்தில் கதையின் மையம் சிபியூசாவின் கனவுக்கு நகர்கிறது. உசாகியின் வளர்ச்சி அங்கு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஐந்தாம் பருவத்தில் தோழியரும் காதலனும் மறைகின்றனர். முதற்பருவ முடிவின் சூழலே மீண்டும் அமைகிறது. ஆயினும் இம்முறை உசாகி போரைக் கைவிட்டுப் பகைவியை நோக்கிக் கைநீட்டுகிறாள். இழந்தோர் திரும்புகின்றனர், நினைவும் அழியவில்லை.

முதற்பருவத்தையும் ஐந்தாம் பருவத்தையும் ஒப்பிடுகையில் தொடரின் வளர்ச்சி தெளிவாகிறது. முதலில் பளிங்கின் ஆற்றலால் வென்றவள் இறுதியில் படைக்கலம் இன்றி வெல்கிறாள். இடைப்பட்ட பருவங்கள் ஒவ்வொன்றும் புதிய கருவியையும் புதிய பகையையும் தந்து கதையைப் புதுப்பிக்கின்றன. இப்புதுப்பித்தலின் தேவையை 2004இல் தொடங்கிய ‘பிரிட்டி கியூர்’ வரிசை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. அது பெரும்பாலும் ஆண்டுதோறும் தலைவியரையே மாற்றிவிடுகிறது.

4. தங்காள் கதையின் நான்கு நிலைகள்

அண்ணன்மார் கதையில் தங்காளின் வாழ்வை நான்கு நிலைகளாகப் பகுக்கலாம்.

முதல்நிலை பிறப்பு. குழந்தைப்பேறின்றி வருந்திய தாமரை கயிலையை நோக்கி நெடுந்தவம் இயற்றுகிறாள். சிவன் வரம் அளிக்கப் பொன்னர், சங்கர், தங்காள் மூவரும் ஒரே பேற்றில் பிறக்கின்றனர். தங்காள் கன்னிமார் எழுவருள் இளையவளின் பிறப்பாகக் கருதப்படுகிறாள். ஆண்மக்கள் பகைவருக்கு அஞ்சி மறைவாக வளர்க்கப்பட, தங்காள் பெற்றோரிடமே வளர்கிறாள்.

இரண்டாம் நிலை ஊஞ்சலும் கிளியும். அரண்மனையில் ஊஞ்சலாடும் தங்காள் கிளி இணை ஒன்றை விரும்புகிறாள். அண்ணன்மார் காட்டுக்குச் செல்கின்றனர். ஒரு கிளி பிடிபட, மற்றொன்று வேட்டுவர் தலைமகள் வீரத்தங்காளிடம் முறையிடுகிறது. சிறு விருப்பம் ஒன்று பெரும்போருக்கு வித்தாகிறது. இந்நிலையில் தங்காளுக்கு வெளிப்படையான ஆற்றல் எதுவும் இல்லை.

மூன்றாம் நிலை கனவு. வரவிருக்கும் கேட்டைத் தங்காள் கனவில் காண்கிறாள். கனவு பொய்ப்பதில்லை, ஆயினும் அது போரைத் தடுப்பதும் இல்லை. கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டையும் அதனைத் தொடர்ந்த போரும் நிகழ்கின்றன. பதினாறாம் வயதில் அண்ணன்மார் தம் வாளில் தாமே வீழ்ந்து மடிகின்றனர்.

நான்காம் நிலை படுகளம். அண்ணன்மாரை இழந்த தங்காள் அரண்மனைக்குத் தீயிட்டு வெளியேறிக் காட்டில் அலைகிறாள். பெரியக்காண்டியின் அருளால் உயிர்ப்பிக்கும் பொருள்களைப் பெற்றுப் படுகளத்தை அடைந்து அண்ணன்மாரை எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து அவளோடு பேசுகின்றனர். தம் காலம் முடிந்ததெனக் கூறி மீண்டும் உயிர் நீங்குகின்றனர். தங்காள் அவர்களுக்குரிய கடன்களை முடித்து விண்ணுலகு செல்கிறாள்.

5. உயிர்ப்பித்தலின் பொருள்

உசாகிக்கு ஆற்றல் கதையின் தொடக்கத்திலேயே கைவருகிறது. வாழ்வு இயல்பாக இருக்கும்போதே அவள் உருமாறுகிறாள். தங்காளுக்கோ வீடு, உறவு, ஊர் ஆகிய அனைத்தும் நீங்கிய பின்னரே ஆற்றல் முழுமையடைகிறது. இருவரும் கதைமுடிவில் ஏறத்தாழ ஒரே வயதினர். உலாவின் பருவப் பகுப்பில் இருவரும் மடந்தை நிலையினர். ஆனால் அவ்வயதை அடைய ஒருத்திக்கு ஐந்து முறை உலகம் மீட்டுத் தரப்படுகிறது. மற்றொருத்திக்கு ஒருமுறையும் தரப்படவில்லை.

இதற்கான காரணத்தைக் கதை நிகழும் சூழலில் தேடவேண்டும். வணிகத் தொலைக்காட்சியில் கதை அடுத்த ஆண்டும் தொடரவேண்டும். எனவே இறந்தோர் எழுந்து வாழ்ந்தாக வேண்டும். முதற்பருவ முடிவில் நினைவை அழிக்கும் உத்தி இத்தேவையையும் துயரத்தையும் ஒருங்கே நிறைவுசெய்கிறது: இழப்பு நிகழ்ந்தது, அதனை அறிந்தவர் அதனைக் கண்ட பார்வையாளர் மட்டுமே. அண்ணன்மார் கதை வழிபாட்டோடு இணைந்தது. அங்கு இறந்தோர் தெய்வமாக வேண்டும். அவர்கள் மீண்டு வாழ்ந்தால் தெய்வமாக இயலாது. எழாமலே போனால் தங்காளுக்கு விடைபெறும் வாய்ப்பில்லை. ஆகவேதான் உயிர்ப்பித்தல் சிறுபொழுதோடு நின்றுவிடுகிறது.

எனினும் கொங்குநாட்டு மரபிலும் பருவத் தொடர்ச்சி உண்டு. அது விழாவில் உள்ளது. படுகளச் சடங்கில் அருள்வந்தோர் மாண்டவர்போல் தரையில் வீழ்வர். தங்காளின் நிலையில் நின்று தீர்த்தம் தெளிக்கையில் அவர்கள் எழுவர். மணப்பாறை அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின் பகுதியாகவும், பிற ஊர்களில் அவ்வவ்வூர் வழக்கப்படியும் இது நிகழ்கிறது. தொலைக்காட்சி புதிய கதையைச் சொல்லிப் பருவத்தைத் தொடங்குகிறது. விழா அதே கதையைச் சொல்லியே புதிய பருவத்தைத் தொடங்குகிறது. கதைக்குள் ஒருமுறை மட்டுமே நிகழ்ந்த எழுப்புதல் சடங்கில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

6. கதைப்பெயரும் நோக்குநிலையும்

இவ்வொப்பீடு கதையின் பெயர் குறித்த ஒரு கருத்துக்கு இட்டுச்செல்கிறது. ‘செய்லர் மூன்’ தலைவியின் பெயரையே கொண்டது. அண்ணன்மார் கதை ஆடவர் இருவரின் வீரகாவியமாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் ‘அண்ணன்’ என்பது உறவுப்பெயர். அழைப்பவர் ஒருவர் இல்லாமல் அது பொருள்படாது. கதைக்குள் அவ்விருவரையும் ‘அண்ணன்மார்’ என்று ஒருங்கே அழைக்கும் உடன்பிறப்பு தங்காள் ஒருத்தியே. ஆகவே ‘அண்ணன்மார் சுவாமி’, பேச்சு வழக்கில் ‘அண்ணமார் சாமி’ என்னும் பெயர் அவள் வாய்ச்சொல்லாகும். அப்பெயரால் தெய்வத்தை அழைக்கும் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் தங்கையின் இடத்தில் நிற்கின்றனர். படுகளத்தில் எழுப்பும் செயலும் இதனோடு பொருந்துகிறது.

சக்திக்கனல் 1971இல் பதிப்பித்த நூல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’ என்னும் பெயரையே தாங்கியது. மு. கருணாநிதியின் புதினமும் அதனைத் தழுவி 2011இல் வெளிவந்த திரைப்படமும் ‘பொன்னர் – சங்கர்’ என வீரர் பெயர்களைக் கொண்டன. பெக்கின் அசைவூட்டத் தொடர் பொன்னிவள நாட்டின் பெயரை ஏற்றது. உறவு, வீரர், நிலம் என மூன்று நோக்குநிலைகள் இத்தலைப்புகளில் வெளிப்படுகின்றன. இவற்றுள் உறவுப்பெயர் நீங்கும்போது தங்காளின் நோக்குநிலையும் தலைப்பிலிருந்து நீங்குகிறது.

முடிவுரை

மாயச் சிறுமியின் ஆற்றல் எத்தனை பகைவரை வெல்கிறது என்பதைக் கொண்டு ஒரு தொடரின் பருவங்களை மதிப்பிடுவது நிறைவான முறையன்று. இழந்தோரை அவள் எவ்வாறு எதிர்கொள்கிறாள் என்பதே பருவங்களை வேறுபடுத்தும் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது. அவ்வளவுகோலின்படி ‘செய்லர் மூன்’ தொடரின் முதற்பருவமும் ஐந்தாம் பருவமும் சிறப்பிடம் பெறுகின்றன. நான்காம் பருவம் பின்தங்குகிறது. தங்காள் கதையில் நான்காம் நிலையே முந்தைய மூன்றுக்கும் பொருள் தருகிறது: ஊஞ்சலில் எழுந்த விருப்பமும் பயன்படாத கனவும் படுகளத்தில் எழுப்பும் குரலாக நிறைவுறுகின்றன.

எனவே இக்கதையைச் சுருக்கிச் சொல்வோரும் காட்சிப்படுத்துவோரும் அண்ணன்மாரின் இறப்போடு முடித்துவிடின், கதையின் இறுதிப்பகுதி மட்டுமன்றிக் கதைக்குப் பெயர் தந்தவளும் விடுபடுவாள். சேலம், நாமக்கல் வட்டாரங்களில் உடுக்கைப் பாடகர்களிடம் இக்கதையைப் பதிவுசெய்யும் ஆய்வாளர்கள் போர்ப்பகுதியோடு நிறுத்தாமல், தங்காள் காட்டில் அலையும் பகுதியையும் முழுமையாகப் பதிவுசெய்தல் வேண்டும். வடிவங்களை ஒப்பிடுவதற்கு அப்பகுதியே முதன்மைச் சான்றாக அமையும்.